புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் கேஸ்களை ஏஐ-யே எழுதிக் கொடுத்தால் நம்பலாமா?

எழுத வைக்கலாம். ஆனால் புரோகிராமைக் காட்டி எழுதச் சொல்லாதீர்கள். "வெள்ளிக்கிழமைக்குள் கவரேஜ் 80 சதவீதம் வேண்டும்" என்று (அதாவது புரோகிராமில் 80 சதவீதத்தையாவது டெஸ்டுகள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று) உங்கள் மேனேஜர் சொல்லியிருப்பார், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் கோத்தகிரிக்காரன். இங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு, சிறு விவசாயிகளிடம் வாங்கும் பச்சைத் தேயிலைக்குக் கணக்குப் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். மூட்டை மூட்டையாக எடை போடுவார்கள். மழை நாளில் இலை நனைந்திருப்பதால் தண்ணீருக்கென்று சில சதவீதம் கழிவு. அன்றைய மொத்த எடையில் கழித்து, முழு கிலோவுக்கு மேல் நிற்கும் கிராமை விட்டுவிடு என்பதுதான் எனக்குச் சொன்ன விதி. நான் அவசரத்தில் ஒவ்வொரு மூட்டையிலும் கழித்து, ஒவ்வொன்றிலும் கிராமை விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான், ஏஐ மேல் பழி போட வரவில்லை. கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.

கணக்குப் போடும் அந்தப் புரோகிராம் பகுதியை அப்படியே ஏஐ-யிடம் கொடுத்தேன். டீ ஆறுவதற்குள் நாற்பது சொச்சம் டெஸ்ட். ஒன்றே ஒன்று சிவப்பு, அதாவது ஃபெயில்: இலையே வராத நாளில் புரோகிராம் விழுந்தது. எனக்குத் தோன்றியே இருக்காது. அதைத் திருத்தியதும் எல்லாம் பச்சை. இப்படி ஒன்றைப் பிடித்துக் கொடுத்ததால் மீதியைப் படிக்காமலே நம்பிவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஓர் அம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்கோடு வந்தார். 23 கிலோ மூட்டை மூன்று, கழிவு 10 சதவீதம். "62 வரணும் தம்பி, சீட்டுல 60 போட்டிருக்கு." இரண்டு கிலோதானே என்பவர்கள் சரிவில் நின்று பறித்துப் பாருங்கள்.

டெஸ்டுகளைத் திறந்தால், அதே 10 சதவீதக் கழிவில் 15 கிலோ மூட்டை இரண்டுக்கு விடை 26 என்று இருக்கிறது. 27 வர வேண்டும். என் புரோகிராம் என்ன தருமோ அதையே சரியான விடையாக ஏஐ எழுதி வைத்திருக்கிறது. பையனின் விடைத்தாளைப் பார்த்து விடைக்குறிப்பு தயாரித்த மாதிரி.

மியூட்டேஷன் டெஸ்டிங் செய்திருக்கலாமே என்பீர்கள். செய்தேன். புரோகிராமில் பிளஸ்ஸை மைனஸாக்கினால் டெஸ்ட் கத்துகிறதா என்று பார்க்கும் முறை; நன்றாகவே கத்தியது. இருப்பதை மாற்றினால் கத்தும், இருப்பதே தப்பென்றால்? ஜாவா மொழிக்கு டெஸ்டுகளைத் தானே எழுத 2011-இல் வந்த எவோசூட் என்ற கருவியும் இருக்கிற விடையைத்தான் பதிந்து வைக்கும். சரியான விடை எது என்று டெஸ்டுக்கு யார் சொல்வது என்ற இந்தச் சிக்கலுக்கு ஆரக்கிள் பிராப்ளம் என்று பெயரே உண்டு.

அப்புறம் ஏஐ-யிடம் புரோகிராமைக் காட்டாமல் விதியை மட்டும் கொடுத்தேன். "அதே இலையை எத்தனை மூட்டையாகப் பிரித்தாலும் விடை மாறக்கூடாது" என்று பைத்தான் மொழியில், விதவிதமான எண்களைத் தானே போட்டுப் பார்க்கும் ஹைபாதெசிஸ் என்ற கருவியில் ஒரு டெஸ்ட் எழுதித் தந்தது. ஓட்டியதும், விதி உடையும் இடத்தை ஹைபாதெசிஸ் சுருக்கிக் காட்டிய சின்ன உதாரணம்: ஒரு கிலோ மூட்டை இரண்டு, விவசாயிக்குப் பூஜ்யம். வெட்கமாகிவிட்டது.

புரோகிராமைத் திருத்தும் வேலையையும் ஒரே மூச்சில் முடிக்கவில்லை. "குளுகுளு ஊரில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறாய்" என்கிறார்கள் நண்பர்கள்; இங்கே ஒரு மரம் சாய்ந்தால் கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும்.

சரி, அந்த அம்மாவின் 23, 23, 23-ஐ நானே கையால் டெஸ்டாக எழுதி வைத்திருக்கிறேன், விடை 62. எல்லோருடைய பழைய பாக்கியும் கொடுத்தாகிவிட்டது.