பெயிண்டுக்கும் கறுப்பு பிளாஸ்டிக்குக்கும் ஒரே புட்டி போதுமா?

கேள்வி: எங்கள் வெள்ளைக் காருக்கு நான்கு வயதாகிறது. வெயிலில் வாசலிலேயே நிற்கிறது. போர் தண்ணீரில்தான் கழுவுகிறோம். பெயிண்ட் மங்கிவிட்டது, பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்கும் வெளிறத் தொடங்கியிருக்கிறது. அழுக்கை எடுத்துப் பாதுகாப்புப் பூச்சும் தரும் திரவம் என்று சொல்லிக் கடையில் கொடுத்ததைப் பூசியபோது பெயிண்ட் பளிச்சென்றானது. பிளாஸ்டிக்கிலோ வெள்ளைத் திட்டுகள் விழுந்துவிட்டன. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகர், பல்லடம்

பதில்: தாங்கள் கேட்டதற்குப் பாதி விடை அந்த வெள்ளைத் திட்டுகளிலேயே இருக்கிறது. சுத்தம் செய்து பாதுகாப்பும் தரும் என்று விற்கப்படும் திரவங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்களைக் கொண்டு பெயிண்டின் மேற்பரப்பைச் சிறிதளவு தேய்த்தெடுத்துவிட்டு அதன்மேல் மெழுகையோ பாலிமரையோ படியச் செய்வது. மற்றொன்று, துகள் இல்லாமல் ரசாயனத்தால் மட்டும் அழுக்கைக் கரைத்தெடுத்துப் பூச்சை விட்டுச்செல்வது. பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக் வழவழப்பானதல்ல. விரலால் தடவினால் தோல்போன்ற சொரசொரப்புத் தெரியும். அந்தப் பள்ளங்களில் துகளும் மெழுகும் புகுந்து காய்ந்தால் துணியால் எத்தனை முறை துடைத்தாலும் வராது. மென்மையான பழைய பல்துலக்கியை வெதுவெதுப்பான ஷாம்பூ நீரில் நனைத்து, சிறிது சிறிதாகத் தேய்த்துக் கழுவினால் பெரும்பாலும் வந்துவிடும்.

ஆகவே தங்கள் காருக்கு இரண்டாம் வகையே ஏற்றது. லேபிளில் 'கீறல்களை நீக்கும்' என்றிருந்தால் அதில் துகள் இருக்கிறது என்றே கொள்ளுங்கள். 'பெயிண்ட் செய்யாத பிளாஸ்டிக்கில் படக்கூடாது' என்ற எச்சரிக்கை பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தாலும் அந்தப் புட்டி வேண்டாம். 'கிளியர் கோட்டுக்குப் பாதுகாப்பானது' (நிறத்தின்மேல் கண்ணாடிபோல் இருக்கும் பூச்சுதான் கிளியர் கோட்) என்ற வாசகத்தை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். துகள் உள்ளவற்றிலும் அது இருக்கும். வாங்கியதும் பம்பரின் அடிப்பகுதியில், கண்ணில் படாத இடத்தில் சிறிது பூசி, மறுநாள் பார்த்துவிட்டு மற்ற இடங்களில் பூசுங்கள்.

துகள் இல்லாதது கீறல்களைப் போக்காது என்பது உண்மைதான். ஆனால் கிளியர் கோட்டின் கனம் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான்தான்; ஒரு தலைமயிரின் கனம்கூட இல்லை. ஒவ்வொரு தேய்ப்பும் அதிலிருந்துதான் கொஞ்சம் எடுக்கிறது என்பதால், கீறல் கண்ணை உறுத்தாத காருக்கு ஆண்டுதோறும் துகள் பாலிஷ் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

மங்கலுக்குக் காரணம் தண்ணீராகவும் இருக்கலாம். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். வெயிலில் துளி காய்ந்த இடத்தில் வெள்ளை வளையம் நிற்கும். வளையம் இருக்கும்போதே மேலே பூச்சிட்டால் கறை அடியில் சிக்கிக்கொள்ளும். வெள்ளை வினிகரும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் சம அளவு கலந்து, அதில் நனைத்த துணியால் நிழலில் ஓரிரு நிமிடம் ஒற்றி, பிறகு நன்றாகக் கழுவுங்கள். அப்படியும் போகாத வளையம் கிளியர் கோட்டையே அரித்திருக்கலாம். அந்த இடத்துக்கு மட்டும் பாலிஷ் தேவைப்படும். இனிக் கழுவும்போது கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். வெளிறத் தொடங்கியதை இந்தத் திரவம் ஓரளவு கறுப்பாக்கும், மேலும் வெளிறுவதைத் தாமதப்படுத்தும். முழுவதும் சாம்பல் நிறமாகிவிட்டதை மீட்காது. அதற்கு, வெளிறிய பிளாஸ்டிக்கின் நிறத்தை மீட்கும் தனி டிரிம் ரெஸ்டோரர்தான் வழி. பிளாஸ்டிக்கைப் பளபளப்பாக்கப் பூசும், எண்ணெய்ப் பிசுக்குள்ள சிலிகான் டிரெஸ்ஸிங்கைத் தவிர்த்துவிடுங்கள்: ஆடிக் காற்றில் பறக்கும் செம்மண் முழுவதும் அதில்தான் ஒட்டும், மழை பெய்தால் பெயிண்டில் கோடு கோடாக வழியும்.

பூசுவது எப்போதும் நிழலில், பானட் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது, ஒரு நேரத்தில் ஒரு பகுதியாக இருக்கட்டும். பிளாஸ்டிக்குக்குத் தனித் துணி வையுங்கள். முன்கண்ணாடியில் பூசாதீர்கள், வைப்பர் தடதடக்கக்கூடும். ஆண்டு முழுவதும் நிற்கும் என்று லேபிளில் எழுதியிருந்தாலும், வெயிலில் நிற்கும் காரில் பூச்சு சில மாதங்களில் தேய்ந்துவிடும். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் தகடாகப் படியத் தொடங்கினால் மறுபடி பூசலாம்.

கேள்வி: அப்பாவின் பழைய அம்பாசிடரைப் பாலிஷ் செய்தால் துணியில் நீல நிறம் ஒட்டுகிறது. பெயிண்ட் கெட்டுவிட்டதா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இல்லை. அது கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சுப் பெயிண்ட். வெயிலில் மக்கிய மேல்தோல் துணியில் வருவது இயல்பு. இதற்கு மென்மையான துகள் உள்ள வகைதான் பொருத்தம். கையாலேயே தேய்த்து, நிறம் தெளிந்ததும் நிறுத்திவிடுங்கள். கதவு விளிம்புகளில் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும் என்பதால் அங்கே அழுத்த வேண்டாம்.