மிளகு வாங்கிய சிப்பாய்

கேள்வி: வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்ததாகப் படிக்கிறோம். நம் பக்கத்துச் சரக்கெல்லாம் அங்கே பிரபுக்களுக்கு மட்டும்தானா? சாதாரண ஆள் எதையாவது தொட்டிருப்பானா?
- ஒரு வாசகி, காங்கேயம்

பதில்: தொட்டிருக்கிறான் அம்மணி, பேரோடு சொல்கிறேன். காம்பாக்ஸ், தாப்போ என்பவரின் மகன். இங்கிலாந்தின் வடக்கே விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டையில் 1973 முதல் மெல்லிய மரத்தகடுகள் கிடைத்துவருகின்றன. மையால் எழுதிய கடிதங்கள், கணக்குகள். கி.பி. 100ஐ ஒட்டிய ஒரு கணக்கில், காம்பாக்ஸ் 2 தெனாரியசுக்கு (ரோமானிய வெள்ளிக்காசு) மிளகு வாங்கியது பதிவாகியிருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கத்து மலைச்சரக்கு!

விலையையும் பாருங்கள். கருமிளகு ஒரு ராத்தல் 4 தெனாரியஸ் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. அவர் காலத்தில் படைவீரனின் வருடச் சம்பளமே 225தான். அப்படியென்றால் ஒரு ராத்தல் மிளகுக்கு ஆறு நாள் சம்பளத்துக்கும் மேல். அந்தக் குளிரில் கிடந்தவன் அதையும் கொடுத்து வாங்கினான் என்பது, பேரரசர் கதைகளைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1840களில் வெள்ளலூரில் எடுத்த 522 காசுகளும் இதே தெனாரியஸ்தான். ஒரு சிப்பாய்க்கு அது இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டும்.

உங்கள் காங்கேயம் பக்கத்துப் படியூர்ப் பச்சைக்கல் (பெரில்) சங்கதி வேறு. அந்தக் கல் பணக்காரர் கைக்குத்தான் போனது. கடல்நிறமே உயர்த்தி, ஆறுபட்டை தீட்டினால்தான் ஒளி வரும் என்று அதே பிளினி எழுதியிருக்கிறார். கல்மணி செய்த தடயங்கள் கொடுமணல் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன.