கதையும் நானே, படமும் நானே: இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

கேள்வி: குழந்தைகளுக்குக் கதை எழுதி, படமும் தானே வரைகிறவரின் வாழ்க்கை எப்படி இருக்கும்? வருமானம் போதுமா?

எல்லோரும் கேட்கத் தயங்குவது காசைப் பற்றித்தான், அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை மட்டும் நம்பினால் போதாது. 100 ரூபாய்ப் புத்தகத்துக்கு 10 சதவீதம் ராயல்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், 1,000 பிரதி விற்றால் கைக்கு வருவது 10,000 ரூபாய், அந்த ஆயிரம் தீர எத்தனை புத்தகக் கண்காட்சி ஆகும் என்பது தனிக் கதை. எழுதியவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர் என்றால் அதையும் பங்கு பிரிக்க வேண்டும். நான் இரண்டையும் செய்வதால் முழுசாக வருகிறது. மற்றபடி சேலம் அஸ்தம்பட்டியில் நான் இருக்கும் மாடி அறைக்கு வாடகை கட்டுவது, பள்ளி நோட்ஸ்களுக்கு வரைந்து தரும் இதயமும் சிறுநீரகமும்தான்.

சரி, வேலைக்கு வருவோம். படக்கதைப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளில் அச்சடித்து மடித்து வெட்டும்போது பக்கங்கள் 8, 16 என்றுதான் கிடைக்கும், அதனால் வந்த கணக்கு இது. எட்டு ஏ4 தாளை நடுவில் மடித்துத் தைத்தால் 32 பக்க டம்மி, அதாவது அச்சுக்கு முன் கையால் செய்து பார்க்கும் மாதிரிப் புத்தகம், தயார், என் பாதி நாள் அதோடுதான் போகிறது. கதையை முழுக்க எழுதி முடித்துவிட்டு அப்புறம் படம் போடுவேன் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டம்மியில் பென்சிலால் கிறுக்க ஆரம்பித்த உடனே எழுதியதில் பாதி வேண்டாததாகிவிடும், ஏனென்றால் 'மழை பெய்தது, முத்து குடை பிடித்தான்' என்பதைப் படம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. வேறொருவர் எழுதிய வரியை அடிக்க வரைபவருக்குக் கை வராது, என் வரியை நான் தாராளமாக அடிக்கலாம். இரண்டும் ஒரே ஆளாக இருப்பதில் எனக்குத் தெரிந்து உருப்படியான லாபம் இது ஒன்றுதான்.

ஏற்காட்டை வைத்து ஒரு கதை செய்தபோது, மலைக்கிராமத்துப் பள்ளி ஒன்றில் டம்மியை வாசித்துக் காட்டினேன். ஒரு சிறுமி காப்பிச் செடிகளுக்கு நடுவே தொலைந்த ஆட்டைத் தேடுகிறாள், எழுத்தில் இருப்பது அவ்வளவுதான். படத்தில் செடிகளுக்குக் கீழே நாலு கால் மட்டும் தெரியும், முட்டிக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. நகரத்துப் பிள்ளைகள் ஆடு என்றுதான் நினைத்தார்கள். இந்த மலைப் பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பவே விடவில்லை, "சார், காட்டெருமை! அந்தப் பிள்ளைய ஓடச் சொல்லுங்க சார்!" என்று ஒரே கத்தல். 'காட்டெருமை' என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தேன், வீட்டுக்கு வந்ததும் அதையும் எடுத்துவிட்டேன்.

இந்த மாதிரி விஷயத்துக்காகத்தான் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போக வேண்டியிருக்கிறது. பல புத்தகங்களில் காப்பித் தோட்டம் என்று வரைந்திருப்பது தேயிலைத் தோட்டம்: வெட்டவெளி, மட்டமாக வெட்டிய செடி, வரிசை வரிசையாக. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பி நிழலில் வளர்வது, மேலே சில்வர் ஓக் மரம், அதன்மேல் மிளகுக் கொடி, வெயில் துண்டு துண்டாகத்தான் கீழே விழும். கோடை மழைக்கு அப்புறம் வெள்ளைப் பூ, பழம் சிவந்து பறிப்பது மழைக்காலம் முடிந்து குளிர் வரும்போது. தேயிலை மாதிரி வரைந்த அந்தப் பக்கத்தை மலைப் பிள்ளை பார்த்தால் இது நம் ஊர் இல்லை என்று மூடி வைத்துவிடும்.

அச்சு விஷயத்தில் ஒன்று. எழுத்தை எப்போதும் கறுப்பிலேயே வையுங்கள். ஒரே படத்தோடு பல மொழியில் அச்சிடும்போது கறுப்பு மையை அச்சிடும் தகடு ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், மற்ற நிறங்களின் தகடுகள் அப்படியே இருக்கும். சென்னையில் துளிகா போன்ற பதிப்பகம் ஆங்கிலத்தோடு எட்டு இந்திய மொழிகளில் புத்தகம் போடுகிறது, வண்ண எழுத்தாக இருந்தால் ஒவ்வொரு மொழிக்கும் செலவு ஏறும். அப்புறம், முகத்தை நடு மடிப்பில் வரையாதீர்கள், தையலில் மூக்கு காணாமல் போகும்.

ஒப்பந்தம் வந்தால் சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடாமல், உரிமை எத்தனை வருஷத்துக்கு என்று பாருங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொல்கிறது, அதனால்தான் சிலர் 'என்றென்றும், உலகம் முழுவதும்' என்று ஒரு வரியை நடுவில் செருகி வைப்பார்கள். எழுத்துக்கும் படத்துக்கும் தனித்தனியாகச் சதவீதம் எழுதச் சொல்லுங்கள், நாளைக்கு வேறு ஓவியரை வைத்து மறுபதிப்புப் போட்டால் உங்கள் எழுத்துப் பங்கு தெளிவாக இருக்கும். கையால் வரைகிறவர் என்றால் அசல் தாள்கள் திரும்பி வருமா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பிரேம் போட்டு விற்றால் ராயல்டியைவிட அதில் கொஞ்சம் கூடவே கிடைக்கும்.