நியூட்ரான் டேங்க் உடைஞ்சிருச்சு, ராக்கெட் லேப் ஷேரை வச்சுக்கலாமா வித்துடலாமா?

கேள்வி: ராக்கெட் லேப் ஷேர் சராசரியா 88 டாலர்ல வாங்கி வச்சிருக்கேன். என் சேமிப்புல மூணுல ஒரு பங்கு இதுலதான் கிடக்கு. டேங்க் உடைஞ்சு லாஞ்ச் தள்ளிப்போனதுலேர்ந்து தூக்கமே இல்ல. வித்துடவா, இல்ல இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் பண்ணவா?

பதிலை முதல்லயே சொல்லிடுறேன். கம்பெனியை விட்டு ஓடுற அளவுக்கு எதுவும் நடக்கல, ஆனா ஆவரேஜ் பண்ணாதீங்க, அந்த மூணுல ஒரு பங்கை பத்துல ஒண்ணுக்கும் கீழ கொண்டுவாங்க.

2026 ஜனவரியில, ராக்கெட் லேப் புதுசா செய்யுற பெரிய ராக்கெட்டான நியூட்ரானோட முதல் ஸ்டேஜ் (அடிப்பகுதி) டேங்கை அழுத்தம் ஏத்தி டெஸ்ட் பண்றப்ப உடைஞ்சுது, அதனால முதல் லாஞ்ச் 2026 கடைசி காலாண்டுக்குப் போச்சு. இதுல டேங்க் உடைஞ்சது எனக்குப் பெரிய விஷயமா தெரியல, தரையில உடையத்தான் டெஸ்ட் வைக்கிறாங்க. தேதி தள்ளிப்போறதும் புதுசில்ல. 2021ல அறிவிச்சப்ப 2024ல பறக்கும்னாங்க, அப்புறம் 2025, அப்புறம் 2026 ஆரம்பம். ஸ்பேஸ் கம்பெனி சொல்ற தேதியை நம்பி ஷேர் வாங்குறவங்களை என்ன சொல்றதுன்னு தெரியல.

ராக்கெட் கம்பெனியில எது உடைஞ்சுதுங்கிறதைவிட, அதை சரிபண்ணி முடிக்கிற வரைக்கும் கையில காசு இருக்கான்னுதான் பார்க்கணும். விர்ஜின் ஆர்பிட்னு இன்னொரு ராக்கெட் கம்பெனியை எடுத்துக்குங்க. 2023 ஜனவரி 9 இங்கிலாந்து கார்ன்வால்லேர்ந்து போன ராக்கெட் ஆர்பிட்டுக்குப் போய்ச் சேரல, காரணம் ரெண்டாவது ஸ்டேஜ்ல ஒரு ஃப்யூல் ஃபில்டர் கழண்டு போனது, 100 டாலர் சமாச்சாரம்னு அவங்க சிஇஓவே சொன்னாரு. சரிபண்ண முடியாத கோளாறா அது? ஆனா ஏப்ரல் 4ம் தேதி திவால் மனு போட்டுட்டாங்க, ஏன்னா காசு இல்ல. அவங்களோட லாங் பீச் ஃபேக்டரியை ஏலத்துல வாங்கினது யாருன்னா, இதே ராக்கெட் லேப்தான்.

அதே 2023 செப்டம்பர் 19ல ராக்கெட் லேபோட சின்ன ராக்கெட்டான எலக்ட்ரானும் ஃபெயிலாச்சு. ரெண்டாவது ஸ்டேஜ் பவர் சப்ளைல ஆர்க் அடிச்சிருச்சு, அதாவது மின்சாரம் தாவிடுச்சு, காத்து ரொம்ப மெலிசா இருக்கிற உயரத்துல ஹை வோல்டேஜ் ஈஸியா தாவும், அதைத் தரையில பிடிக்கிறது கஷ்டம். காரணத்தைக் கண்டுபிடிச்சு டிசம்பர் 15ம் தேதியே திரும்பப் பறந்துட்டாங்க. சந்தோஷம், ஆனா ஷேர் என்ன ஆச்சு? 2024 ஏப்ரல்ல 4 டாலருக்கும் கீழ கிடந்துச்சு. கோளாறு சரியாகி நாலு மாசம் கழிச்சும்! அந்த வருஷக் கடைசியிலதான் 20 டாலரைத் தாண்டிச்சு. அதனால ராக்கெட் சரியானவுடனே விலையும் ஏறிடும்னு கணக்குப் போடாதீங்க.

காசுக் கணக்கை நீங்களே போடலாம், பெரிய வித்தை இல்ல. கம்பெனி காலாண்டுக்கு ஒருதடவை போடுற 10-க்யூ ஃபைலிங்ல கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்டுக்குப் போங்க, ஆபரேட்டிங் ஆக்டிவிட்டீஸ்ல போன பணத்தையும் மெஷின், கட்டடம் வாங்கின பணத்தையும் கூட்டுங்க, ஆறு மாசம் ஒன்பது மாசம்னு சேர்த்துப் போட்டிருப்பாங்க, அதனால முந்தின ஃபைலிங் நம்பரைக் கழிச்சுக்குங்க. உதாரணத்துக்கு அதுல 3 கோடி, இதுல 5 கோடி டாலர்னா காலாண்டுக்கு 8 கோடி. கையில 100 கோடி இருந்தா 12 காலாண்டு, அதாவது மூணு வருஷம் தாங்கும். ஒரு வருஷத்துக்குக் கீழ வந்தா, டேங்க் உடையாம இருந்தாலும் நான் வித்துட்டு வெளிய வந்துடுவேன்.

ராக்கெட் லேப் அந்த நிலைமையில இல்ல. 2025 செப்டம்பர் முடிவுல 100 கோடி டாலருக்கு மேல கையில இருக்குன்னு சொன்னாங்க. ராக்கெட்டை மட்டும் நம்பியும் இல்ல, 2024ல வந்த 43.6 கோடி டாலர் வருமானத்துல பத்துல ஏழு பங்கு சாட்டிலைட், அதோட பார்ட்ஸ் பிசினஸ்லேர்ந்து வந்தது. ஆனா அந்தக் காசு எங்கேர்ந்து வந்துச்சுன்னும் பாருங்க: 2025 மார்ச்ல 50 கோடி, செப்டம்பர்ல 75 கோடி டாலர் வரைக்கும் புது ஷேரை மார்க்கெட்லயே வித்துக்கிறோம்னு அறிவிச்சாங்க. லாஞ்ச் தள்ளிப்போற செலவை இப்படித்தான் உங்க தலையில கட்டுவாங்க, கம்பெனி பிழைச்சுக்கும், உங்க பங்கு கொஞ்சம் கொஞ்சமா சுருங்கும்.

உங்க விஷயத்துல என்னை உறுத்துறது 88 டாலர்தான். அந்த விலையில மொத்தக் கம்பெனியும் ஒரு வருஷ வருமானத்தைப்போல 70 மடங்குக்கு மேல. எல்லாம் நல்லபடியா நடந்தாத்தான் அந்த விலை, ஒரு வருஷம் லேட்டானா அதுக்கு இடமே இல்ல. போதாததுக்கு புது ராக்கெட்டோட முதல் பறப்பு புட்டுக்க நிறைய வாய்ப்பு இருக்கு, எலக்ட்ரானே 2017 மே மாசம் முதல் தடவை ஆர்பிட்டுக்குப் போகல, ராக்கெட் அனுப்புற தகவலை வாங்குற, தரையில இருந்த டெலிமெட்ரி கருவியால வந்த வினை. அப்படி நடந்தா ஷேர் இன்னொரு அடி விழும், அப்ப மூணுல ஒரு பங்கோட உக்காந்திருந்தா நீங்க பயத்துல கிடைச்ச விலைக்கு வித்துடுவீங்க.

அதனால ஒரே நாள்ல இல்லாம ரெண்டு மூணு தடவையா குறைங்க. மிச்சத்தை அஞ்சு வருஷம் தொடாம வைக்க முடியும்னா வைங்க. வாங்கியே ஆகணும்னா புது டேங்க் டெஸ்ட்ல பாஸாகி, முதல் ஸ்டேஜ் ஸ்டாடிக் ஃபயர் (பறக்கவிடாம தரையில பிடிச்சு வச்சே எஞ்சினை எரிச்சுப் பார்க்கிற டெஸ்ட்) முடியட்டும், ரெண்டு காசு கூடக் கொடுத்தாலும் பரவால்ல.

நஷ்டத்துக்கு வித்தா அது வீணில்ல. வாங்கி 24 மாசத்துக்குள்ள வித்தா இந்திய வரிக் கணக்குல அது ஷார்ட் டெர்ம் லாஸ், இந்திய ஷேர்ல வந்த லாபத்தோட கழிச்சுக்கலாம், கெடுவுக்குள்ள ரிட்டர்ன் ஃபைல் பண்ணினா எட்டு வருஷம் கொண்டுபோகலாம். ஆனா வித்துட்டோமேன்னு ஷெட்யூல் எஃப்ஏல (ரிட்டர்ன்ல வெளிநாட்டு சொத்தைக் காட்டுற பகுதி) காட்டாம விட்றாதீங்க, அது ஜனவரி டு டிசம்பர் கணக்கு, அந்த வருஷத்துல ஒரு நாள் வச்சிருந்தாலும் காட்டியாகணும்.