எடுத்த முடிவை மாற்றிக்கொள்வது தைரியமா, பலவீனமா?

"நாலு பேர் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு அதை மாற்றிக்கொண்டால் அது தைரியமா, பலவீனமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பொழுதுபோகாமல் கேட்ட கேள்வியாகத் தெரியவில்லை. அந்த நாலு பேரில் இரண்டு பேராவது உங்கள் சொந்தக்காரர்களாக இருப்பார்கள். ஒரு கல்யாணப் பேச்சாக இருக்கலாம், சொத்தாக இருக்கலாம். மனசுக்குள் ஏற்கெனவே மாறிவிட்டீர்கள், வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை. தப்பாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும். எனக்கு அப்படி நடந்தது, அதனால் அப்படித்தான் தோன்றுகிறது.

என் கதை ஐந்தரை சென்ட் நிலத்தைப் பற்றியது.

எங்கள் ஊர் அமராவதிப் பாசனப் பகுதி. எங்கள் தோட்டமும் பெரியப்பா மகன் தோட்டமும் பக்கத்துப் பக்கத்தில். தாத்தா காலத்தில் ஒன்றாக இருந்ததை வாய்ப்பேச்சாகவே இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். நடுவில் கிளுவை வேலி இருந்தது. அது காய்ந்து, ஆடு தின்று, பாதி வெட்டி அடுப்புக்குப் போய், கடைசியில் ஒரு பனைமரம் மட்டும் மிஞ்சியது. "பனைதான்டா எல்லை" என்று அப்பா சொல்வார். 2009-ல் அண்ணன் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட்டார். பனையிலிருந்து ஆறு அடி எங்கள் பக்கம் தள்ளி. நானூறு அடி நீளத்துக்கு ஆறு அடி என்றால் 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்தரை சென்ட் வரும்.

ஐந்தரை சென்டுக்காகவா கேஸ் என்று நகரத்தில் இருப்பவர்கள் சிரிக்கலாம். இடம் சின்னதாக இருந்தால் கோபமும் சின்னதாக இருக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்பா முன்சீப் கோர்ட்டில் தாவா போட்டார். நிலம் எங்களுடையது என்று அறிவிக்கக் கேட்கும் விளம்புகைப் பரிகாரம், இனி அதில் தலையிடாமல் தடுக்கும் நிரந்தர உறுத்துக்கட்டளை என்று பிராதில் இருந்த வார்த்தைகளெல்லாம் எனக்கு மனப்பாடம். 2012-ல் அப்பா தவறிவிட்டார். வாரிசாக என்னையும் அம்மாவையும் கேஸில் சேர்த்தார்கள். சாவு வீட்டில் வைத்து, பெரியவர்கள் எல்லோரும் இருக்கும்போது, "கடைசி வரைக்கும் பார்க்காமல் விட மாட்டேன்" என்று சொன்னேன். இது நான் நாலு பேர் முன்னால் சொன்ன சொல்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் வாய்தா வாய்தாவாகப் போனேன். கோர்ட் கமிஷனர் இரண்டு முறை தோட்டத்துக்கு வந்தார். முதல் முறை சர்வேயர் வரவில்லை. இரண்டாம் முறை வந்தார், எல்லை காட்டும் மூலைக்கல் கிடைக்கவில்லை. வேறு கல்லிலிருந்து அளந்தார்கள். அந்த அறிக்கை எனக்குப் பிடிக்கவில்லை, ஆட்சேபனை போட்டேன். அண்ணனுக்கும் அது பிடிக்கவில்லை, அவரும் போட்டார். நடுவில் என் மாமனார், மச்சான், ஊர்ப் பெரியவர் ஒருவர் என்று எல்லோரும் சமாதானம் பேசினார்கள். ஒருத்தருக்கும் நான் இறங்கி வரவில்லை. ஊரில் எனக்கு நல்ல பேர். "அவங்கப்பனை மாதிரியே, சொன்னா சொன்னதுதான்" என்றார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். வக்கீல் ஃபீஸும் போக்குவரத்துமாக அந்த ஐந்தரை சென்டின் விலையைத் தாண்டிச் செலவழித்திருந்தேன்.

2018-ல் தென்னைக்குச் சொட்டுநீர் போட முடிவு செய்தேன். இங்கே கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 என்று சுவரெல்லாம் எழுதியிருந்தார்கள். ஐந்து ஏக்கருக்குள் இருந்தால் சிறு விவசாயி, தாசில்தார் சான்று வேண்டும். எனக்கு இருப்பது மூன்றே கால் ஏக்கர். ஆனால் பட்டா அண்ணன் பேரும் சேர்ந்த கூட்டுப்பட்டா. முதல் தடவை போனால் எல்லார் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். நான் யார் மேல் கேஸ் போட்டிருக்கிறேனோ அவரிடமே போய்க் கையெழுத்துக் கேட்க வேண்டுமாம்! இரண்டாம் தடவை வேறு ஆள் உட்கார்ந்திருந்தார், கையெழுத்து வேண்டாம், நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் போதும் என்றார். அடங்கலோடு போனால் கேஸ் நடக்கிற நிலம் என்றார்கள். நாலாவது தடவை நான் போகவில்லை. கைக்காசு போட்டுக் குழாய் வாங்கினேன். மானியம் வாங்கிச் சொட்டுநீர் போட்டவர்கள் இதைப் படித்துவிட்டு "எங்களுக்குச் சுலபமாகக் கிடைத்ததே" என்று சொல்ல வேண்டாம். உங்கள் பட்டா தனிப்பட்டா.

சரி. மெயின் பைப் கம்பி வேலியை ஒட்டியே போக வேண்டும். ஜேசிபி விட்டால் வேலிக்கால் ஆடும், அண்ணன் அதற்கும் ஒரு மனு கொடுப்பார். அதனால் ஆளை விட்டு வெட்டினேன். அன்றைக்கு ஆள் வரவில்லை, நானே கடப்பாரையை எடுத்தேன். தெற்கு மூலைக்குக் கொஞ்சம் முன்னால், வேலியிலிருந்து ஒரு அடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்தில் கடப்பாரை 'ணங்' என்றது. சாதாரணக் கல் என்றுதான் நினைத்தேன். சுற்றி மண்ணைப் பறித்தால் நாலு பக்கமும் செதுக்கிய கருங்கல், நேராக நிற்கிறது. தலையில் உளியால் கொத்திய குறி. அந்தக் குழிக்குள் மண் அப்பியிருந்தது. விரலால் தோண்டி எடுத்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் எஃப்.எம்.பி. என்கிற நில அளவைப் படத்தின் நகலை எடுத்து வந்தேன். பழைய படத்தில் அளவெல்லாம் லிங்க்கில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் நூறில் ஒரு பங்கு ஒரு லிங்க். மேற்கே இட்டேரி, அதாவது தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டிப்பாதை, ஓரத்துக் கல்லிலிருந்து கிழக்கு எல்லைக்கு 310 லிங்க் என்று போட்டிருந்தது, அதாவது 204 அடி 7 அங்குலம். டேப்பின் ஒரு முனையை இட்டேரிக் கல்லில் ஆணி வைத்து மாட்டி, நாலு தடவையாக இழுத்து அளந்தேன். 204 அடி 9 அங்குலம். பனைமரம் இன்னும் ஏழு அடி தள்ளி நிற்கிறது.

அண்ணன் வேலி சரியான இடத்தில்கூட இல்லை. தன் நிலத்துக்குள் ஒரு அடி உள்ளே தள்ளித்தான் போட்டிருந்தார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் மனசு மாறியது அந்தக் குழிக்குள் உட்கார்ந்திருந்த பத்து நிமிஷத்தில். அதில் தைரியமும் இல்லை, பலவீனமும் இல்லை. கல்லைப் பார்த்தேன், மாறியது. மழையைப் பார்த்தால் மழை பெய்கிறது என்று தெரிகிற மாதிரிதான். அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். கல்லின் மேல் மண்ணைத் தள்ளி மூடினேன். காலால் மிதித்து மட்டம் செய்தேன். அந்த இடத்தில் மட்டும் குழியை ஒரு அடி உள்பக்கம் வளைத்து வெட்டி, இரண்டு பக்கமும் எல்போ போட்டுக் குழாயைத் திருப்பிக் கொண்டுபோய் மூடிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

இருபத்து மூன்று நாள் அப்படியே இருந்தேன். நடுவில் ஒரு வாய்தாவுக்கும் போய் வந்தேன். கூண்டில் ஏற வேண்டியிருக்கவில்லை, நல்லவேளை.

கண்டுபிடித்தது என் மனைவி. தண்ணீர் விட்டுச் சோதிக்கும்போது பக்கத்தில் நின்றவள், "ஏனுங்க, நேராப் போற குழாய் இங்க மட்டும் ஏன் வளைஞ்சு போகுது?" என்றாள். பாறை என்றேன். "நம்ம தோட்டத்துல ஏதுங்க பாறை?" என்றாள். அவ்வளவுதான். அன்று ராத்திரி சொல்லிவிட்டேன். அவள் திட்டவும் இல்லை, இதைச் செய் என்று சொல்லவும் இல்லை. "அத்தைகிட்ட எப்படிச் சொல்லப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் விடிகாலையில் பால் சொசைட்டி வாசலில் அண்ணனைப் பிடித்தேன். ஒன்பது வருஷமாக முகம் பார்த்துப் பேசியதில்லை. "அண்ணா, கல்லு கெடச்சிருச்சு" என்றேன். எந்தக் கல் என்று அவர் கேட்கவில்லை. கேனை வைத்துவிட்டு என்கூட நடந்து வந்தார். மண்ணை எடுத்துக் காட்டினேன். உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தார். சந்தோஷப்படுவார், இல்லையென்றால் என்னை நாலு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. எழுந்து வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "உங்கப்பனுக்குத் தெரியும்டா" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் என்னைப் போட்டு வாட்டுகிறது. அப்பாவுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. தெரிந்திருக்காது என்றுதான் நம்புகிறேன். 1979-லிருந்து 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நிலப்பதிவேட்டைப் புதுப்பிக்கும் அளவீட்டில் ஏக்கர் சென்ட்டெல்லாம் ஹெக்டேர் ஏர்ஸாக மாறியது, ஊரில் பாதிப் பேருக்குத் தங்கள் நிலம் எவ்வளவு என்பதே குழம்பிப்போனது. தாத்தா 'பனை வரைக்கும்' என்று வாயில் சொல்லியிருக்கலாம். அப்பா பொய் சொல்கிற ஆள் இல்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே வாதாடுகிறேன், வக்கீல் ஃபீஸ் இல்லாமல்.

அம்மாவிடம் சொன்னபோது, "செத்த மனுசனைத் தோக்கடிச்சுட்ட" என்றார். அம்மாவும் வாதி என்பதால் அவர் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. சும்மா வாபஸ் வாங்குவதைவிட மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் என்று முடித்தால் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும், அதற்கு மேல் அப்பீலும் கிடையாது என்று வக்கீல் சொன்னார். 2019-ல் ஒரு சனிக்கிழமை போய் முடித்தோம். அம்மா கையெழுத்துப் போட்டார். பஸ்ஸில் வரும்போது என் பக்கத்தில் உட்காராமல் லேடீஸ் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். பழையபடி என்னோடு பேச ஐந்து மாதம் ஆனது.

ஊர் என்ன சொன்னது? "பணம் வாங்கிட்டான்" என்றார்கள். "பொண்டாட்டி பேச்சைக் கேட்டுட்டான்" என்றார்கள். அதிகம் பேசியவர் என் தாய்மாமா. பழைய தி.மு.க.காரர், சின்ன வயதில் அண்ணா கூட்டத்துக்குச் சைக்கிளில் போனதைப் பெருமையாகச் சொல்வார். "ஆம்பளைன்னா ஒரே பேச்சு" என்றார். எனக்கும் பொறுக்கவில்லை. "மாமா, 1962 மே மாசம் மாநிலங்களவையில் முதல் பேச்சிலேயே திராவிட நாட்டுக்குத் தன்னுரிமை கேட்டவர் உங்கள் அண்ணா. அக்டோபரில் சீனாக்காரன் வந்தான், பிரிவினை கேட்பதற்கு எதிராக 1963-ல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள், அந்த வருஷமே கட்சி கோரிக்கையைக் கைவிட்டது. அவர் ஆம்பளை இல்லையா?" என்றேன். "அது வேற, அது நாட்டுக்காக" என்றார். எதிரி மாற்றினால் பல்டி, நம்ம ஆள் மாற்றினால் ராஜதந்திரம். இதில் எனக்கு எந்தக் கட்சியும் இல்லை. அண்ணா மாற்றியது சரியா தப்பா என்றும் நான் பேச வரவில்லை. மாமாவின் வாயை அடைக்க எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள். கேஸ் போட்ட எல்லோரையும் வாபஸ் வாங்கு என்று சொல்லவில்லை. உங்கள் பக்கம் கல் இருந்தால் நில்லுங்கள். மாமனார் பேசியபோது நான் மாறியிருந்தால் அது செலவுக்குப் பயந்து மாறியது. கல்லைப் பார்த்து மாறியது வேறு. அப்படியும் ஒரு சந்தேகம் இருக்கிறது: ஆறு வருஷம் அலைந்து சலித்துப் போகாமல், கேஸ் போட்ட முதல் வருஷமே அந்தக் கல் கிடைத்திருந்தால் சொல்லியிருப்பேனா? சத்தியமாகத் தெரியாது. அந்த இருபத்து மூன்று நாளைப் பலவீனம் என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். இருபத்து நாலாவது நாளைத் தைரியம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, குழாய் வளைந்ததை அவள் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த நாளே வந்திருக்குமா என்று தெரியாதே.

அண்ணனும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டோம் என்றெல்லாம் நினைக்காதீர்கள். என் மகள் சீருக்கு வந்தார், மொய் எழுதினார், சாப்பிட்டுப் போனார். வழியில் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசுவோம்.

கோர்ட்டில் எழுதிக்கொடுத்த சமரசத்தில் 'தற்போதுள்ள கம்பி வேலியே எல்லை' என்று வக்கீல் எழுதினார். கல்லை எல்லை என்று எழுதவில்லை. வேலிக்கும் கல்லுக்கும் நடுவில் அந்த ஒரு அடி, நானூறு அடி நீளத்துக்கு, கிட்டத்தட்ட ஒரு சென்ட், இப்போதும் என் பக்கம்தான் இருக்கிறது. அண்ணன் அதைக் கேட்கவில்லை, விட்டுக்கொடுத்தேன் என்றும் சொல்லவில்லை. நானும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வளைத்துப் போட்ட குழாயில் இரண்டாவது எல்போ வருஷத்துக்கு ஒரு தடவை ஒழுகும். போய்த் தோண்டி, கல்லின் தலையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொல்யூஷன் போட்டு ஒட்டிவிட்டு வருவேன்.