குடியை விட உதவும் குழு: சொந்த ஊரில் தேடாதீர்கள், ஒரு பஸ் தூரத்தில் தேடுங்கள்

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மேசன் வேலை செய்யும் அவருடைய கணவருக்கு 43 வயது. பல வருடங்களாக நாள்தோறும் குடிப்பவருக்கு இப்போது விடிந்தவுடனேயே கசிப்பு, அதாவது களவாகக் காய்ச்சிய சாராயம், தேவைப்படுகிறது. ஆனாலும் விட்டுவிட வேண்டும் என்று அவரே சொல்லத் தொடங்கியிருக்கிறார். "குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் குழுக்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். எங்கள் பக்கத்தில் அதை எப்படித் தேடுவது? ஊருக்குத் தெரிந்தால் இவர் போகமாட்டார்" என்பது அவருடைய கேள்வி.

சகோதரி, குழுவைத் தேடுவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு மிடறு உள்ளே போன பிறகுதான் தேநீர்க் கோப்பையைச் சிந்தாமல் பிடிக்க முடிகிறது என்ற நிலையில் இருப்பவர், கோவிலில் சத்தியம் செய்துவிட்டு ஒரே நாளில் வீட்டில் வைத்து நிறுத்துவது ஆபத்தானது. கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணித்தியாலங்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில், இடமும் ஆளும் தெரியாமல் குழம்பி, இல்லாததையெல்லாம் கண்டு பயப்படும் சன்னி நிலை வரலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். வைத்தியசாலையிலோ நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும் தயமின் என்ற விற்றமின் பி1உம் கொடுத்து, அந்தச் சில நாட்களைப் பாதுகாப்பாகக் கடத்திவிடுவார்கள்.

குழுவுக்குப் போகும் வழியும் அந்த வைத்தியசாலை வாசலில்தான் தொடங்குகிறது. நீங்கள் இருப்பது ஏ34 வீதியில். ஒரு பக்கம் மாங்குளம், மறுபக்கம் முல்லைத்தீவு. முல்லைத்தீவு மாஞ்சோலையில் உள்ள மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய், உளநலப் பிரிவின் கிளினிக் எந்த நாளில் என்று கேளுங்கள். அங்கே "குடிக்குக் குழு இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால், "இல்லை" என்ற ஒரு சொல்லோடு திரும்பி வர நேரலாம். வன்னியில் இத்தகைய குழுக்கள் பெயர்ப்பலகையோடு இருக்க வேண்டுமென்பதில்லை. ஆகவே கேள்வியை மாற்றுங்கள்: "குடியை விட்டு ஆறு மாதமோ ஒரு வருடமோ கடந்தவர் எவராவது இங்கே கிளினிக்குக்கு வருகிறாரா? அவர் சம்மதித்தால் என் கணவரோடு பேச ஒழுங்கு செய்வீர்களா?" ஒருவரின் பெயரை இன்னொருவருக்குச் சொல்ல ஊழியர்களுக்கு உரிமையில்லை, ஆனால் உங்கள் தொலைபேசி இலக்கத்தை அவரிடம் கொடுக்க அவர்களால் முடியும். கிளினிக் கொப்பியோடு வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் காத்திருக்கும் இரண்டு பேர் பேசத் தொடங்கினாலே அது குழுதான்.

இதே கேள்வியைப் பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்குப் பொறுப்பானவரிடமும் கேட்கலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

ஊருக்குத் தெரியக்கூடாது என்ற உங்கள் அச்சத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. தவறணையில் பக்கத்தில் இருந்தவரே கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் பக்கத்தில் இருக்கும் ஊர்கள் நம்முடையவை. அதனால்தான் சொந்தக் கிராமத்தில் தேடாமல் ஒரு பஸ் தூரத்தில் தேடச் சொல்கிறேன். பஸ் காசு செலவாகும்தான். அது ஒரு நாள் கசிப்புச் செலவை விடக் குறைவாகவே இருக்கும்.

குடியை விட விரும்புபவர்கள் கூடிப் பேசும் அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் என்ற அமைப்பு இந்த இரகசியத்தின் மீதே கட்டப்பட்டது. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியிலிருந்து மீள முயன்ற ஒரு பங்குத் தரகரும் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரும் சந்தித்துப் பேசியதில் அது தொடங்கியது. அங்கே கட்டணம் இல்லை. முழுப் பெயரைச் சொல்லத் தேவையில்லை. குடியை நிறுத்த விருப்பம் இருந்தால் போதும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு 27 ஆய்வுகளை ஒப்பிட்டு, நோயாளரை இந்த அமைப்போடு முறைப்படி இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமலிருக்கச் செய்வதில் ஏனைய உளச்சிகிச்சைகளை விடக் கூடுதல் பலன் தருவதாகக் கண்டது. தமிழ்நாட்டுக் குழுக்கள் தமிழில் நடத்தும் இணையவழிக் கூட்டங்களிலும் கைத்தொலைபேசி வழியாகச் சேரலாம். இரு நாட்டுக்கும் மணி ஒன்றே என்பதால் நேரக் குழப்பமும் இல்லை. குடிப்பவரின் குடும்பத்தினருக்கென 1951இல் தொடங்கப்பட்ட அல்-அனொன் என்ற அமைப்பும் உண்டு. கணவர் எங்கும் போகாவிட்டாலும் நீங்கள் அதில் சேரலாம்.

பெருந்தொகை கேட்பவர்களிடமும், ஆளைப் பூட்டி வைப்பவர்களிடமும் போகாதீர்கள். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி யாராவது மாத்திரை தந்தால் வாங்கவே வேண்டாம். குடித்தால் உடலை வருத்தி குடியைத் தடுக்கும் டைசல்பிரம் போன்ற மருந்து உடலில் இருப்பதை அறியாமல் ஒருவர் குடித்தால், இரத்த அழுத்தம் திடீரென விழுந்து உயிராபத்து நேரலாம். அதோடு, உண்மை தெரியவரும் நாளில் அவர் உங்கள் கையால் சாப்பிடுவதையே விட்டுவிடக்கூடும்.

குழு ஒன்று கிடைத்ததும், அது எத்தனை மணிக்குக் கூடுகிறது என்று கேளுங்கள். மேசன் வேலையில் கிழமைச் சம்பளம் கைக்கு வருவது பெரும்பாலும் சனிக்கிழமை பின்னேரம். அந்த நேரத்தில் கூடும் கூட்டம், நேரிலோ கைத்தொலைபேசியிலோ, எது அமைந்தாலும் அதையே முதலில் பிடியுங்கள்.