மது ஆய்வு மையத்துக்கு அரசு மானியம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மதுவும் உடல்நலமும் பற்றி ஆராயும் ஐந்து பேர் இருக்கிறோம். ஆளுக்கொரு ஆர்01 மானியம் (தனி ஆய்வுத் திட்டம் ஒன்றுக்குத் தருவது) உண்டு. எல்லோரும் சேர்ந்து பி50 மைய மானியம் (பல திட்டங்கள் இணைந்த ஆய்வு மையத்துக்குத் தருவது) கேட்டால் கிடைக்குமா?

பதில்: ஐந்து ஆர்01 விண்ணப்பங்களை ஒரே உறையில் போட்டு அனுப்பினால் கிடைக்காது. மதுப்பழக்க ஆய்வுக்கென 1970ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய நிறுவனம், என்.ஐ.ஏ.ஏ.ஏ., 1977இல் மையங்களுக்குத் தனியாக நிதி தரத் தொடங்கியது. பல துறையினர் ஒரே கேள்வியை நெடுங்காலம் சேர்ந்து ஆராய வேண்டும் என்பதே அதன் நோக்கம். எனவே மதிப்பாய்வுக் குழு முதலில் பார்ப்பது இதைத்தான்: ஒரு திட்டத்தை எடுத்துவிட்டால் மற்றவை பாதிக்கப்படுமா? பாதிக்கப்படாது என்றால் அது மையமே அல்ல.

ஓர் எடுத்துக்காட்டு. விடலைப் பருவத்தில் அளவுமீறிக் குடிப்பது மூளையை எப்படி மாற்றுகிறது என்பது மையக் கருப்பொருள் என்று கொள்வோம். எலிகளில் நடக்கும் முதல் திட்டம் மூளையின் எந்தப் பகுதி மாறுகிறது என்று காட்டும். இளைஞர்களை ஸ்கேன் செய்யும் இரண்டாவது திட்டம் அந்தப் பகுதியைத்தான் அளக்கும். மரபணுத் திட்டம் அதே இளைஞர்களின் ரத்த மாதிரிகளை எடுத்துக்கொள்ளும். மூன்றின் தரவும் ஒரே புள்ளியியல் கோருக்குப் (எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான வசதிப் பிரிவு) போகும். இப்படி எது எதற்கு என்ன கொடுக்கிறது என்று ஒரு படத்தில் வரைந்து பாருங்கள். அம்புக்குறி எதுவும் வந்து சேராத, புறப்படவும் செய்யாத திட்டத்தை இப்போதே விட்டுவிடுங்கள். அது எவ்வளவு நல்ல திட்டமாக இருந்தாலும் தனி ஆர்01ஆகப் போகட்டும்.

பொது வசதிகளில்தான் பல விண்ணப்பங்கள் மதிப்பெண்ணை இழக்கின்றன. ஒவ்வொரு திட்டமும் ஆண்டுக்கு எத்தனை மாதிரி அனுப்பும், கோரின் நேரத்தில் எத்தனை சதவீதம் எடுக்கும் என்று அட்டவணை போடுங்கள். ஒரே திட்டம் மட்டும் பயன்படுத்தும் கோர் இருந்தால், அந்தச் செலவு அந்தத் திட்டத்தின் வரவுசெலவுக்குள் போக வேண்டியது.

மைய இயக்குநர் ஒதுக்கும் நேரமும் கவனிக்கப்படும். 12 மாதப் பணியில் 20 சதவீதம் என்றால் 2.4 ஆள்மாதம். ஏற்கெனவே உள்ள ஆர்01களோடு கூட்டும்போது யாருக்கும் 12ஐத் தாண்டக் கூடாது. ஒரே வேலைக்கு இரண்டு மானியத்திலிருந்து பணம் வாங்கவும் முடியாது. உங்கள் ஆர்01 ஏற்கெனவே செய்யும் சோதனையை மையத்தில் மறுபடி எழுதினால், மானியம் கையெழுத்தாகும் முன்பே பிடிபடும்.

இன்னொன்று, பலர் தெரியாமல் செய்வது. புது விண்ணப்பத்தில் வெளி ஆலோசனைக் குழுவுக்கு இன்னார் இன்னார் வருவார்கள் என்று பெயர் போடாதீர்கள், அவர்களிடம் முன்கூட்டிப் பேசவும் வேண்டாம். பேசினால் அவர்கள் மதிப்பாய்வாளராக உட்கார முடியாது. உங்கள் துறையை நன்கு அறிந்தவர்களை நீங்களே வெளியேற்றியதாக ஆகிவிடும். என்னென்ன துறை வல்லுநர்கள் தேவை என்று மட்டும் எழுதினால் போதும்.

கேள்வி: பி60 என்பது என்ன?

பதில்: அதுவும் மைய மானியம்தான். ஆய்வோடு, அதன் பயனை மருத்துவர்களிடமும் பொதுமக்களிடமும் கொண்டுசேர்க்கும் பகுதியும் அதில் இருக்க வேண்டும்.

கேள்வி: விண்ணப்பம் அறிவியல் மதிப்பாய்வுக்குப் போகும் முன்பே திரும்பி வருவது ஏன்?

பதில்: பெரும்பாலும் பதிவுகளால். நிறுவனத்தின் சாம் பதிவை (அரசு நிதி பெறுவோர் பதிய வேண்டிய தளம்) ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதிதாகப் பதிவதானால் ஆறு வாரமாவது கையில் இருக்கட்டும். பல பகுதிகள் கொண்ட மைய விண்ணப்பத்தில் ஒவ்வொரு திட்டத் தலைவருக்கும் இ.ஆர்.ஏ. காமன்ஸ் என்ற மானிய இணையதளத்தின் அடையாளம் தேவை. ஒருவருக்கு விட்டுப்போனாலும் மொத்த விண்ணப்பமும் பிழை காட்டும். கெடு என்பது உங்கள் நிறுவனம் இருக்கும் ஊரின் மாலை 5 மணி. அனுப்பிய பிறகு சரிபார்க்க இரண்டு வேலை நாள் தருவார்கள், ஆனால் கெடு முடிந்துவிட்டால் அந்த நாட்களில் திருத்தி மறுபடி அனுப்ப முடியாது. ஆகவே மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். ஆய்வின் குறிக்கோள்களைச் சொல்லும் நோக்கப் பகுதி ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எழுத்து 11 புள்ளிக்குக் குறையக் கூடாது, ஓரம் நாற்புறமும் அரை அங்குலமாவது வேண்டும்.

கேள்வி: ‘பங்கேற்பாளர் சொல்லும் குடி அளவை நம்ப முடியாது’ என்று மதிப்பாய்வில் எழுதியிருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: நியாயமான குறை. முதலில் அளவை கிராமில் எழுதுங்கள். அமெரிக்காவில் ஒரு ‘டிரிங்க்’ என்பது 14 கிராம் எத்தனால்: 355 மில்லி பீரில் 5 சதவீதம், அதை எத்தனாலின் அடர்த்தி 0.789ஆல் பெருக்கினால் வருவது. பிரிட்டனின் ‘யூனிட்’ 8 கிராம்தான். அங்கே எடுத்த தரவை மாற்றாமல் சேர்த்தால் கணக்கே புரண்டுவிடும்.

அடுத்து, நாட்காட்டியை முன்னே வைத்து நாள்வாரியாகக் கேட்கும் முறையோடு ரத்தத்தில் பெத் பரிசோதனையையும் சேருங்கள். எத்தனால் உடலில் இருக்கும்போது மட்டுமே சிவப்பணுச் சவ்வில் உருவாகும் பொருள் அது. இரண்டு முதல் நான்கு வாரக் குடியை அது காட்டிக்கொடுக்கும். சிறுநீரில் பார்க்கும் இ.டி.ஜி., அதாவது எத்தனால் உடலில் மாறி உருவாகும் பொருள், சில நாட்களுக்குத்தான் நிற்கும். இரண்டு பரிசோதனையும் ஏன் வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

மக்கள் உண்மையைச் சொல்லப் பாதுகாப்பும் தேவை. தேசிய சுகாதார நிறுவனங்களின் (என்.ஐ.ஏ.ஏ.ஏ. அவற்றில் ஒன்று) நிதியில் மனிதர்களிடம் நடக்கும் ஆய்வுகளுக்கு 2017 அக்டோபர் முதல் ரகசியச் சான்றிதழ் தானாகவே கிடைக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதை ஒருவர் சொன்னாலும், அவர் பெயரோடு அதை நீதிமன்றம் கேட்டு வாங்க முடியாது. இதை ஒப்புதல் படிவத்தில் எளிய மொழியில் சொல்லுங்கள்.

கேள்வி: மானியத் தொகை போதவில்லை. மது நிறுவனம் ஒன்று நிதி தர முன்வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. 2018இல் நடந்ததைப் பாருங்கள். மிதமான குடி இதயத்துக்கு நல்லதா என்று அறிய ஏறத்தாழ 10 கோடி டாலரில் திட்டமிட்ட பெரிய ஆய்வுக்கு மது நிறுவனங்கள் பெரும்பகுதியைத் தர ஒப்புக்கொண்டிருந்தன. அந்த நிதியைப் பெறுவதற்காக அதிகாரிகளும் ஆய்வாளர்களும் நிறுவனங்களோடு முன்பே பேசியிருந்தது வெளிவந்தது. அந்த ஆண்டு ஜூனில் ஆய்வையே நிறுத்தினார்கள். புற்றுநோய் அபாயம் வெளிப்படும் அளவுக்கு ஆய்வின் காலமும் பங்கேற்பாளர் எண்ணிக்கையும் போதாது என்ற குறையும் அப்போது எழுந்தது. கேள்வியை வடிவமைக்கும் இடத்திலேயே பணம் கொடுப்பவர் நுழைந்துவிட்டால், பின்னால் எவ்வளவு நேர்மையாக அளந்தாலும் அந்த முடிவை நம்ப ஆளிருக்காது.

கேள்வி: ஐந்தாம் ஆண்டு முடிகிறது, பணம் மீதி இருக்கிறது. காலத்தை நீட்டிக்கலாமா?

பதில்: உங்கள் மானிய ஆணை தடுக்காவிட்டால், கூடுதல் நிதி இல்லாமல் ஒருமுறை 12 மாதம் வரை நீட்டிக்கலாம். முடியும் நாளுக்கு முன்பே காமன்ஸில் பதிய வேண்டும். பணம் மீதியிருப்பது மட்டும் காரணமாகாது. முடிக்க வேண்டிய வேலை இருக்க வேண்டும்.